ஐந்நூறு கேள்வியைப் பாடமாக்கினால் குடியுரிமைப் பரீட்சை பாஸாகுமா?

கேள்வி: வணக்கம் ரீச்சர். நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். வயது 47. வவுனியாவில் ஓ.எல். வரை படித்தேன், இங்கே ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. கணவருக்கு 56. இருவரும் கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். போனில் ஒரு ஆப்பில் ஐந்நூறு கேள்வி இருக்கிறது. வேலை முடிந்து வந்து அதைத்தான் பாடமாக்குகிறேன். காலையில் பாதி மறந்துபோகிறது. யாரோ தளபதிகள், யாரோ கவர்னர்கள், ஒரே பெயரில் இரண்டு பேர். மகள், "பயப்படாதீங்கோ அம்மா, நான் பக்கத்தில் இருந்து சொல்லித் தாறன்" என்கிறாள். இந்தச் சரித்திரமெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு? ஃபெயிலானால் எல்லாம் முதலில் இருந்தா? கடைசியில் ராஜாவுக்குச் சத்தியம் செய்யத்தான் வேணுமா?

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் கணவரின் விஷயம். விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்த நாளில் 18 முதல் 54 வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பரீட்சையும் மொழித் தகுதிச் சான்றும். கணவர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். அவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

உங்களுக்கு 20 கேள்வி, 45 நிமிடம். 15 சரியாக இருந்தால் பாஸ். தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்வது, அல்லது சரியா பிழையா என்று சொல்வது. கட்டுரை எழுதச் சொல்லமாட்டார்கள். கேள்விகள் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் இருக்கும், தமிழில் இல்லை. எல்லாமே 'டிஸ்கவர் கனடா' என்ற அரசாங்கக் கையேட்டில் இருந்துதான் வரும். அது இணையத்தில் இலவசம், அறுபது பக்கச் சொச்சம், பாதி படங்கள். ஒலி வடிவமும் இருக்கிறது. பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது காதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயர்களின் உச்சரிப்பு பழகிவிட்டால், திரையில் காணும்போது மிரட்சி இருக்காது.

அந்த ஆப்பை எறியச் சொல்லவில்லை. ஆனால் அதிலிருக்கும் கேள்விகளை அரசாங்கம் எழுதவில்லை. அதே விஷயத்தை அரசாங்கம் வேறு பக்கமாகத் திருப்பிக் கேட்கும். கனடா உருவான ஆண்டு 1867 என்று பாடமாக்கி வைத்திருப்பீர்கள். முதலில் சேர்ந்த நான்கு மாகாணங்கள் எவை என்று கேட்டால் கை நின்றுவிடும். என் வகுப்பில் சறுக்குகிறவர்கள் அநேகமாக இப்படித்தான் சறுக்குகிறார்கள். கையேட்டை ஒருமுறை கதைபோல வாசித்து முடித்த பிறகு, உங்களை நீங்களே சோதிக்க மட்டும் ஆப்பைத் திறவுங்கள்.

கதைபோல என்று சும்மா சொல்லவில்லை. தனித்தனி ஆண்டுகளாகப் பார்த்தால் இது பெரிய தலையிடி. இரண்டு மொழிக்காரர் அடிபட்டு, பிறகு ஒரே நாட்டில் எப்படி இருப்பது என்று பேரம் பேசிய கதையாகப் பாருங்கள். அந்தப் பேரத்தில் யாரைக் கேட்காமலே விட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வவுனியாவில் இருந்து வந்த உங்களுக்கு இது புரியாத பாடமே இல்லை.

1608இல் சாம்பிளேன் என்ற பிரெஞ்சுக்காரர் கியூபெக் நகரை அமைக்கிறார். வடக்கே 1670இல் இங்கிலாந்து மன்னர் ஹட்சன் பே கொம்பனிக்கு வியாபார உரிமை கொடுக்கிறார். இரு பக்கத்துக்கும் கண் பீவர் என்ற ஆற்று விலங்கின் தோலில். அதனால்தான் இன்றும் ஐந்து சதக் காசில் பீவர் இருக்கிறது. இழுபறி முற்றி 1759இல் கியூபெக் நகருக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் சண்டை. ஆங்கிலேயர் வென்றார்கள். வென்ற வுல்ஃப், தோற்ற மொன்காம், இரண்டு தளபதிகளுமே அதில் செத்துப்போனார்கள். உங்களைக் குழப்பிய தளபதிகள் இவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்களை வைத்து ஆளவேண்டிய நிலை ஆங்கிலேயருக்கு. 1774இல் கியூபெக் சட்டம் வருகிறது. கத்தோலிக்கர் தங்கள் மதத்தைப் பின்பற்றலாம், அரச பதவி வகிக்கலாம், சிவில் வழக்குகளுக்குப் பிரெஞ்சுச் சட்டமே இருக்கும் என்று அது சொன்னது. இன்றும் கியூபெக்கில் சிவில் சட்டம் அந்த வழிதான். 1956இல் நம் நாட்டில் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது தெரிந்த ஒருவருக்கு இந்த 1774 மறக்கவே கூடாது. அதற்காக ஆங்கிலேயர் நல்ல மனசுக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தெற்கே அமெரிக்கக் குடியேற்றங்கள் கொதித்துக்கொண்டிருந்தன, கியூபெக்கும் சேர்ந்து கிளம்பிவிடக் கூடாது என்ற கணக்கு இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1755 முதல் 1763 வரை, கிழக்குக் கரையில் அக்காடியர் என்ற பிரெஞ்சு மொழிக்காரரை ஆயிரக்கணக்கில் வீடு வாசலில் இருந்து பிடுங்கிக் கப்பலேற்றியதும் இதே ஆட்சிதான்.

அமெரிக்கா பிரிந்தபோது, மன்னருக்கு விசுவாசமான நாற்பதாயிரம் பேருக்கு மேல் வடக்கே ஓடிவந்தார்கள். அவர்கள்தான் லோயலிஸ்டுகள். ஒருவகையில் அகதிகள். ஆங்கிலம் பேசுவோர் தொகை கூட, 1791இல் நிலத்தை அப்பர் கனடா, லோவர் கனடா என்று பிரித்தார்கள். அப்பர் கனடா இன்றைய ஒன்ராறியோ, லோவர் கனடா இன்றைய கியூபெக். வரைபடத்தில் மேலே கீழே பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அது சென் லோரன்ஸ் ஆறு ஓடும் திசையை வைத்து வந்த பெயர். ஓகஸ்ட் முதல் திங்கள் உங்களுக்கு லீவு கிடைக்கிறதல்லவா, ரொறன்ரோவில் அதற்குச் சிம்கோ நாள் என்று பெயர். அந்தச் சிம்கோதான் அப்பர் கனடாவின் முதல் லெப்டினன்ட் கவர்னர். 1793இல் அடிமை முறையை ஒழிக்கும் பாதையில் அந்த மாகாணத்தைக் கொண்டுபோனவர்.

அடுத்து, அதிகாரம் எப்படிக் கைமாறியது என்பது. சட்டசபை இருந்தது, ஆனால் லண்டன் அனுப்பிய கவர்னரும் அவருடைய ஆட்களும் அதைக் கேட்கவேண்டியதில்லை. 1837, 1838இல் ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் வெளியே கிளர்ச்சி வெடித்தது, அடக்கினார்கள். விசாரிக்க வந்த டேர்ஹம் பிரபு இரண்டு கனடாக்களையும் ஒன்றாக்கி, மக்கள் தெரிவு செய்தவர்களுக்குப் பொறுப்புச் சொல்லும் ஆட்சியைக் கொடுக்கச் சொன்னார். பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரோடு கரைந்துவிடுவதுதான் நல்லது என்றும் எழுதினார், அதற்காக கியூபெக்கில் இன்றும் அவர் பெயருக்கு மரியாதை இல்லை. 1847, 48இல் நோவா ஸ்கோஷியாவில்தான் அந்த ஆட்சிமுறை முதலில் வந்தது. பிறகு ஒன்றாக்கிய கனடாவில் லாஃபொன்டேனும் போல்ட்வினும், ஒருவர் பிரெஞ்சு, ஒருவர் ஆங்கிலம், சேர்ந்து அதைப் பெற்றார்கள். 'ரெஸ்பொன்சிபிள் கவர்மென்ட்' என்று திரையில் கண்டால் இதுதான்: தெரிவான உறுப்பினர்களில் பெரும்பான்மையின் ஆதரவு இல்லாவிட்டால் மந்திரிசபை விலகவேண்டும்.

சரி, 1867. ஜூலை 1. ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் நான்கும் சேர்ந்து கனடா. முதல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட். கியூபெக்கை இணங்கவைத்தவர் ஜோர்ஜ் எட்டியென் கார்ட்டியே. நீங்கள் சொன்ன 'ஒரே பெயரில் இரண்டு பேர்' இந்தக் கார்ட்டியேயாகத்தான் இருக்கும். மற்றவர் ஜாக் கார்ட்டியே, 1534இல் கப்பலில் வந்த கடலோடி. இரண்டு பேருக்கும் நடுவில் முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. நாம் தினமும் நெரிசலில் நிற்கிற 401 நெடுஞ்சாலையின் முழுப் பெயர் மக்டொனால்ட்-கார்ட்டியே பிரீவே. அங்கே மாட்டிக்கொண்டு நிற்கும்போது 1867 தானாக ஞாபகம் வரட்டும்.

பிறகு சேர்ந்த மாகாணங்களை ஒவ்வொரு காரணத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். லூயி ரியெல் தலைமையில் மெட்டி மக்கள் (பூர்வீகக் குடிகளும் ஐரோப்பியரும் கலந்த வம்சம்) எழுந்ததால் 1870இல் மனிற்றோபா. ரயில் பாதை போட்டுத் தருகிறோம் என்ற வாக்கில் 1871இல் பிரித்தானிய கொலம்பியா. அந்தப் பாதை 1885 நவம்பரில் முடிந்தது, ரியெலைத் தூக்கிலிட்டதும் அதே மாதம். பாதைக்கு மலையை உடைத்த சீனத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த நன்றி, அதே ஆண்டில் தலைவரி, அதாவது நாட்டுக்குள் வரும் சீனர் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டவேண்டிய பணம். 1923இல் சீனர் வருவதையே அநேகமாகத் தடுத்துவிட்டார்கள், 1947 வரை. மன்னிப்புக் கேட்டது 2006இல். 1873இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவு, 1905இல் அல்பேர்ட்டாவும் சஸ்காச்சுவானும். கடைசி மாகாணம் நியூஃபவுண்ட்லாந்து, 1949. நம் தமிழரசுக் கட்சி தொடங்கிய ஆண்டும் அதுதான். 1986 ஓகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்களே, அது இந்த நியூஃபவுண்ட்லாந்துக் கரையில்தான். பிராந்தியங்கள் மூன்று: யூகொன், வடமேற்குப் பிராந்தியம், 1999இல் பிரிந்த நூனவுட்.

போர்களுக்கு அதிக நேரம் செலவழிக்காதீர்கள். 1812இல் அமெரிக்கப் படையெடுப்பு, அதைத் தடுத்த பிரித்தானியத் தளபதி புரொக்கும் ஷோனி மக்களின் தலைவர் ரெக்கும்சேயும். 1917 ஏப்ரலில், முதலாம் உலகப் போரில், கனடியப் படை வென்ற வீமி ரிட்ஜ் சண்டை. நவம்பர் 11இல் போரில் இறந்தவர்களை நினைத்துக் குத்தும் பொப்பிப் பூ. பெண்களின் வாக்குரிமை: மனிற்றோபா 1916, மத்திய தேர்தலில் பெரும்பாலான பெண்களுக்கு 1918, கியூபெக் 1940. முதல் பெண் எம்.பி. ஆக்னஸ் மக்ஃபெயில், 1921. புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க ஓடிய ரெரி ஃபொக்ஸைப் பற்றி மகளைக் கேளுங்கள், பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் ஓடியிருப்பாள்.

பூர்வீகக் குடிகளைப் பற்றிக் கேள்வி வந்தால் மூன்று பிரிவு என்பது நினைவில் இருக்கட்டும்: ஃபெர்ஸ்ட் நேஷன்ஸ், இனுயிட், மெட்டி. நான் மேலே 'கேட்காமலே விட்டவர்கள்' என்று சொன்னது இவர்களைத்தான். 1867 மேசையில் இவர்களுக்குக் கதிரை இல்லை. பிள்ளைகளைத் தாய் தகப்பனிடம் இருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளில் போட்டு, சொந்த மொழி பேசினால் தண்டித்தார்கள். 2008 ஜூனில் பாராளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். கையேடு இதை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறது, அது போதாது என்பது என் அபிப்பிராயம். அந்தப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் வைத்த 94 கோரிக்கைகளில் 93ஆவது, புதிதாக வருகிறவர்களுக்கான தகவல்களையும் இந்தப் பரீட்சையையும் திருத்தச் சொல்வதுதான்.

இனி ஆட்சிமுறை. நம்மவர்கள் அதிகம் புள்ளி விடுகிற இடம் இது, சரித்திரம் அல்ல. இலங்கையில் ஜனாதிபதியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நாட்டின் தலைவர் வேறு, அரசாங்கத்தின் தலைவர் வேறு என்பது பிடிபடுவதில்லை. நாட்டின் தலைவர் மன்னர் சார்ல்ஸ். அவருடைய பிரதிநிதி மத்தியில் கவர்னர் ஜெனரல், மாகாணத்தில் லெப்டினன்ட் கவர்னர். அரசாங்கத்தின் தலைவர் பிரதமர். மாகாணத்தில் அதே வேலையைச் செய்பவர் பிரீமியர். மக்கள் வாக்களிப்பது எம்.பி.க்கு, பிரதமருக்கு நேரடியாக அல்ல. செனற்றர்களை யாரும் தேர்தலில் தெரிவு செய்வதில்லை, நியமனம்தான், 75 வயது வரை இருக்கலாம்.

எந்த வேலை எந்த அரசுக்கு என்பதை உங்கள் வீட்டை வைத்தே பாருங்கள். வாசல் தெருவில் பனி தள்ளுவதும் குப்பை எடுப்பதும் நகரசபை. மகளின் பள்ளிக்கூடமும் உங்கள் ஹெல்த் கார்டும் மாகாணம். பாஸ்போர்ட், இராணுவம், வெளிநாட்டு உறவு, குற்றவியல் சட்டம் மத்திய அரசு. விவசாயமும் குடிவரவும் மத்தியும் மாகாணமும் பங்குபோடுகிறவை, இதைத் தவறவிடாதீர்கள். இதற்குத்தான் சமஷ்டி என்று பெயர். நம் வீடுகளில் பெரியவர்கள் எழுபது வருஷத்துக்கு மேலாக வாய் ஓயாமல் பேசிய அதே சமஷ்டி. இங்கே மாகாணத்தின் அதிகாரம் அரசியலமைப்பில் எழுதப்பட்டது, ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு நினைத்த நேரம் பறிக்கமுடியாது. 1987க்குப் பிறகு வந்த நம் மாகாணசபைக்குக் காணியும் பொலிஸும் தாளில் இருந்தும் கைக்கு வராத கதை உங்களுக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தை நினைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தை வாசித்தால் இரண்டாம் தரம் வாசிக்கத் தேவைப்படாது.

உரிமைகளும் கடமைகளும் என்ற பகுதி சின்னது, ஆனால் கேள்வி நிச்சயம். கடமைகளில் ஜூரி சேவை ஒன்று. குடியுரிமை எடுத்த பிறகு தபாலில் ஜூரிப் படிவம் வந்தால், ஏதோ வழக்கில் மாட்டிவிட்டோம் என்று பயந்து கிழித்துப்போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், பதில் அனுப்பவேண்டும் என்பது சட்டம். வாக்களிப்பது உரிமையும் கடமையும். இராணுவ சேவை இங்கே கட்டாயம் இல்லை.

எங்களுக்கு என்னத்துக்கு என்று கேட்டீர்கள். 1982இல் உரிமைகள், சுதந்திரங்கள் சாசனம் அரசியலமைப்பில் சேர்ந்தது. மூன்று வருஷம் கழித்து, 1985 ஏப்ரல் 4இல், சிங் வழக்கு என்ற ஒன்றில் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அகதிக் கோரிக்கை வைத்தவரை நேரில் கூப்பிட்டுக் கேட்காமல் காகிதத்தைப் பார்த்து மறுத்தது தவறு என்றது. நீதிபதிகளில் மூவர் சாசனத்தை வைத்து, மூவர் 1960இன் உரிமைச் சட்டத்தை வைத்து, ஒரே முடிவுக்கு வந்தார்கள். சாசனத்தில் 'ஒவ்வொருவருக்கும்' என்றிருப்பது குடிமக்களை மட்டும் அல்ல, இந்த மண்ணில் நிற்கும் எவரையும் என்று அந்த மூவர் சொன்னார்கள். வழக்குப் போட்டவர்கள் நம்மவர்கள் அல்ல. ஆனால் 1983க்குப் பிறகு வந்த எத்தனையோ தமிழர்கள் ஒரு அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்ல முடிந்தது அந்தத் தீர்ப்பால்தான். இது கையேட்டில் இல்லை, பரீட்சையிலும் வராது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

இனி மகள். இணையத்தில் எழுதும்போது கணினியின் கமரா உங்களைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஆள் இருந்தாலோ போனைப் பார்த்தாலோ பிரச்சினை, விண்ணப்பமே சிக்கலாகலாம். மகள் உதவட்டும், ஆனால் பரீட்சைக்கு முந்திய நாள் வரைக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் வாசிக்க, நீங்கள் அதைத் தமிழில் அவளுக்குத் திருப்பிச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்துவிட்டால் படித்தாயிற்று. தமிழில் புரிந்தது திரையில் ஆங்கிலத்தில் வரும் என்பதால், பெயர்களையும் பதவிகளையும் மட்டும் ஆங்கிலத்திலேயே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

முதல் தடவை தவறினால் முதலில் இருந்து தொடங்கவேண்டியதில்லை. மூன்று தடவை எழுதலாம், அழைப்பில் குறித்த காலத்துக்குள். மூன்றும் தவறினால் ஒரு அதிகாரி நேரில் அல்லது வீடியோவில் விசாரிப்பார். அதிலும் முடியாமல் போனால்தான் மறுப்பு, அப்போதும் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சொந்தக்காரர் கொடுத்த பழைய போட்டோகொப்பியை நம்பாதீர்கள். அதில் மகாராணி என்று இருக்கும், 2022 செப்டம்பர் முதல் மன்னர். பாராளுமன்றத்தில் 308 அல்லது 338 ஆசனம் என்று இருக்கும், 2025 ஏப்ரல் தேர்தலில் இருந்து 343. பிரதமர் மார்க் கார்னி, ஒன்ராறியோ பிரீமியர் டக் ஃபோர்ட் என்று இன்றைக்கு எழுதுகிறேன். இந்தப் பெயர்களையும், கவர்னர் ஜெனரல், உங்கள் தொகுதி எம்.பி. பெயர்களையும் எழுதப்போகும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

கடைசியாக ராஜா. ஆம், சொல்லத்தான் வேண்டும். 14 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரும் சொல்லவேண்டும், பரீட்சையில் தப்பிய உங்கள் கணவர் உட்பட. கடவுள் பேரில் சத்தியமாகவும் சொல்லலாம், வெறும் உறுதிமொழியாகவும் சொல்லலாம். மன்னர் என்பது அங்கே லண்டனில் இருக்கும் ஒரு மனிதரை விட, கனடாவின் அரசுக்கும் சட்டத்துக்கும் ஒரு பெயர் என்றுதான் வகுப்பில் விளக்குவேன். சிலருக்கு அது திருப்தி, சிலருக்கு இல்லை, அதில் தப்பும் இல்லை. 2021 ஜூனில் இருந்து அந்த உறுதிமொழியில் ஒரு வரி கூடியிருக்கிறது: ஃபெர்ஸ்ட் நேஷன்ஸ், இனுயிட், மெட்டி மக்களின் பூர்வீக உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்று உறுதிசெய்யும் அரசியலமைப்பை மதித்து நடப்பேன் என்பது. ஆணைக்குழுவின் 94ஆவது கோரிக்கை அதுதான். வைபவத்தில் ஒருவர் வரி வரியாகச் சொல்ல நீங்கள் திருப்பிச் சொல்வீர்கள், பாடமாக்கத் தேவையில்லை. ஆனால் கணவரை இப்போதே உரக்கச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள், அந்த ஆங்கில வாக்கியம் கொஞ்சம் நீளம்.